முன்னங்கால் புண்

நாய் வளர்க்கிறவர்கள் என்னிடம் வந்து, "காலில் சின்னக் காயம்தான், அதுவே நக்கி ஆற்றிக்கொள்ளும்" என்று சொன்னால் எனக்குச் சுருக்கென்று கோபம் வந்துவிடும். வயசான பொம்பளைக்கு ஒரு நாய்க்காலைப் பற்றி இவ்வளவு கோபம் எதற்கு என்று ஒரு மாதிரி பார்ப்பார்கள். பார்க்கட்டும். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதுகளில், புதுச்சேரியில், கல்யாணமான முதல் வருஷங்களை நான் ஒரு நாயின் முன்னங்காலைப் பார்த்துக்கொண்டே கழித்தவள். எனக்குத் தெரிந்ததை நான் சொல்லாமல் வேறு யார் சொல்வது?

நான் மருமகளாகப் போனபோது அந்த நாய் எனக்கு முன்பே அந்த வீட்டில் இருந்தது. என் வீட்டுக்காரர் குட்டியிலிருந்து வளர்த்தது. கடற்கரைப் பக்கத்துத் தெருவில் ஒரு வெள்ளைக்கார மதாம் வீட்டில் பிறந்த குட்டி என்று பெருமையாகச் சொல்வார். தாய் சீமை நாய். தகப்பன் யாரென்று மதாமுக்கே தெரியாது. உடம்பெல்லாம் நம்மூர்த் தெருநாயின் செம்மண் நிறம், காது மட்டும் சீமைக் காதாகத் தொங்கும். அதற்கு அவர் ஒரு பிரெஞ்சுப் பேர் வைத்திருந்தார். மனிதர்கள் பேரையே இதில் நான் எழுதப்போவதில்லை. நாய்க்கு மட்டும் என்ன தனி மரியாதை, அதையும் விட்டுவிடுகிறேன்.

எங்கள் வீடு வாய்க்காலுக்கு மேற்கே, மாதா கோவில் மணி அடித்தால் சுவரில் மாட்டிய படம் அதிர்கிற தூரத்தில் இருந்தது. மாமனார் த்ரிபுனாலில், அதாவது பிரெஞ்சுக் கோர்ட்டில், குமாஸ்தா. ஊரார் வழக்கையெல்லாம் பகல் முழுக்கப் பிரதி எடுத்து எழுதிவிட்டு வருவதாலோ என்னவோ, வீட்டு வழக்கு எதிலும் வாய் திறக்க மாட்டார். மாமியார் காலைப் பூசைக்குப் போகாத நாள் கிடையாது. வாய் திறப்பது முழுக்க அவர் பொறுப்பு. சாயங்காலமானால் என் வீட்டுக்காரர் நாயைக் கூட்டிக்கொண்டு கடற்கரைக்குப் போய்விடுவார். கல்யாணமான புதுப்பெண் அப்படிப் போய் நடப்பது அந்த வீட்டு வழக்கமில்லை. நான் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு, இரண்டு பேரும் தெருமுனை திரும்புவதைப் பார்த்துக்கொண்டிருப்பேன். எனக்கு அந்த நாயின் மேல் பொறாமையாக இருந்தது என்று சொல்ல எனக்கு வெட்கமில்லை.

கல்யாணமாகி ஒரு வருஷம் முடியவில்லை, அவருக்குப் பிரெஞ்சுக்காரர் ஆண்ட சைகோனில் உத்தியோகம் கிடைத்தது. அந்தக் காலத்தில் எங்கள் பக்கத்தில் வீட்டுக்கு ஒருத்தர் சைகோனில் இருந்தார்கள். அதனால் யாரும் இதை அதிசயமாக நினைக்கவில்லை. முதலில் தனியாகப் போய் வேலையில் நிலைத்தபிறகு பார்த்துக்கொள்ளலாம் என்றார்கள். யார் எதைப் பார்த்துக்கொள்வது என்று என்னை யாரும் கேட்கவில்லை. கப்பல் தூரத்தில் நங்கூரம் போட்டு நின்றது. கடல் பாலத்திலிருந்து படகில் ஏறித்தான் அதற்குப் போக வேண்டும். படகு நகர்ந்ததும் நாய் மாமனார் கையிலிருந்த கயிற்றை அறுத்துக்கொண்டு பாலத்து விளிம்புக்குப் பாய்ந்தது. அங்கே நீட்டிக்கொண்டிருந்த ஓர் இரும்பு முளை அதன் இடது முன்னங்காலைக் கிழித்துவிட்டது. நான் படகையே பார்த்துக்கொண்டிருந்ததால் அதை அப்போது கவனிக்கவில்லை. வீட்டுக்கு வந்தபிறகுதான் முற்றத்துத் தரையில் ரத்தப்பொட்டுகள் தெரிந்தன.

அப்படியொன்றும் பெரிய காயமில்லை. மணிக்கட்டுக்குச் சற்று மேலே, ஒரு விரல் நீளத்துக்குக் கிழிசல். நாய் வாசற்படியில் தெருவைப் பார்த்துப் படுத்துக்கொண்டு, அந்த இடத்தை நக்க ஆரம்பித்தது. நான் துணி கிழித்துக் கட்டப் போனேன். மாமியார் தடுத்தார்.

"நக்கட்டும் வுடுடி. நாய் நாக்குல மருந்து இருக்குது. சாமிக்கே நாய்தான் புண்ண ஆத்துச்சி."

எங்கள் கோவிலில் பக்கத்துப் பீடத்தில் அர்ச்சியசிஷ்டவர் என்று நாங்கள் சொல்கிற ஒரு புனிதரின் சுரூபம் உண்டு. யாத்திரைக்காரர் உடை, கையில் கோல், அங்கியை ஒதுக்கித் தொடையிலிருக்கும் புண்ணைக் காட்டிக்கொண்டு நிற்பார். காலடியில் ஒரு நாய், வாயில் ரொட்டி. கொள்ளை நோய் வந்து காட்டில் கிடந்தவருக்கு அந்த நாய்தான் தினம் ரொட்டி கொண்டுவந்து, புண்ணை நக்கிக் குணமாக்கியது என்பது கதை. பேதி பரவினால் எங்கள் ஆட்கள் முதலில் அவரிடம்தான் ஓடுவார்கள். அவருடைய திருநாளன்று எங்கள் வீட்டில் ரொட்டி வாங்கி, முதல் துண்டை நாய்க்குப் போட்டபிறகுதான் மனிதர்கள் சாப்பிடுவோம். அதோடு நின்றால் பரவாயில்லை. தெருவில் எந்தப் பிள்ளைக்கு முட்டி சிராய்த்தாலும், சிரங்கு வந்தாலும், தாய்மார் எங்கள் வாசலுக்குக் கூட்டிக்கொண்டு வந்து நாய்முன்னால் காலை நீட்டச் சொல்வார்கள். நாயும் மரியாதைக்கு ஒரு நக்கு நக்கிவைக்கும். பிள்ளைகளுக்கு ஆறியது, ஆறுகிற வயசு, எதை வைத்தாலும் ஆறியிருக்கும்.

இதில் என் மாமியார் ஒரு படி மேலே போனார். நாய் நன்றாக நக்கினால் சீக்கிரம் ஆறும் என்று புண்ணின் மேல் நெய் தடவிவிட்டார். அதுவும் ஞாயிற்றுக்கிழமைச் சாப்பாட்டுக்கென்று உருக்கி வைத்திருந்த நல்ல நெய். எனக்குத் தோசைக்கு ஊற்றக் கை வராத நெய் நாய்க்காலில் வழிந்தது. நாயா விடும்? காலையிலிருந்து பொழுது சாய்கிறவரை நக்கியது. நெய் தீர்ந்தபிறகும் நக்கியது.

வாரங்கள் போக மாதங்கள் போயின. புண் ஆறவில்லை. ஓரங்கள் தடித்து, மயிர் உதிர்ந்து, நடுவில் சிவப்பாக, எப்போதும் ஈரமாக, ஒரு வெள்ளிக்காசு அகலத்துக்கு வந்துவிட்டது. நாய் நக்குவதைப் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்திருக்கிறேன். வலியில் நக்குகிற மாதிரியே இருக்காது. கண் தெருமுனையில் இருக்கும், நாக்கு பாட்டுக்கு ஒரே தாளத்தில் போய்க்கொண்டிருக்கும். மாமியார் ஜெபமாலை உருட்டும்போது கண் அடுப்பில் இருக்குமே, அந்த மாதிரி. சாயங்காலம், முன்பு என் வீட்டுக்காரர் அதைக் கூட்டிக்கொண்டு போகிற வேளையில், எழுந்து நிற்கும். கொஞ்ச நேரம் நின்று பார்த்துவிட்டு மறுபடி படுத்து நக்கும். அந்தச் சத்தம் எனக்கு அடுப்பங்கரை வரைக்கும் கேட்கும். கேட்கக் கேட்க என் நெஞ்சுக்குள்ளே யாரோ அதே இடத்தைத் தேய்ப்பது போலிருக்கும்.

சைகோனிலிருந்து அவர் எழுதுகிற கடுதாசிகளில் அப்பா அம்மாவுக்கு நமஸ்காரம், ஊர் விசேஷம், சம்பளம், மழை, எல்லாம் போக எனக்கு இரண்டு வரி இருக்கும். நாய்க்கு ஒரு பக்கம் இருக்கும். சாப்பிடுகிறதா, யார் குளிப்பாட்டுகிறார்கள், கடற்கரைக்குப் போகிறதா என்று கேட்டுக் கேட்டு எழுதுவார். மாமனார் சத்தமாகப் படிப்பார். அப்படிக் கூடத்தில் எல்லார் முன்னாலும் படிப்பதால், என் வீட்டுக்காரர் எனக்கு எழுதக் கூச்சப்பட்டுக்கொண்டு, எனக்கு எழுத வேண்டியதையும் நாய்க்கே எழுதிவிட்டார் என்று நானாக ஒரு சமாதானம் சொல்லிக்கொண்டேன். "நான் லீவில் வரும்போது அவன் இருக்கணும்" என்று ஒரு கடுதாசியில் எழுதியிருந்தார். அன்றிலிருந்து அந்த நாயை அவர் வருகிற வரைக்கும் உயிரோடு, நாலு காலோடு காப்பாற்றி வைப்பது என் வேலை என்று முடிவு செய்துகொண்டேன். யாரும் சொல்லவில்லை, எனக்கே அப்படி ஒரு வேலை தேவைப்பட்டது.

கேட்காதவர்களும் வைத்தியம் சொன்னார்கள். மஞ்சளும் வேப்பெண்ணெயும் குழைத்துப் போட்டேன். நாய் முகத்தைச் சுளித்துக்கொண்டே நக்கித் தீர்த்தது. கசந்தால் நக்காது என்று நிலவேம்பு அரைத்துப் போட்டேன், அதையும் குடித்தது. மிளகாய் தடவச் சொன்னாள் ஒருத்தி. அவள் புண்ணில் முதலில் தடவிப் பார்க்கச் சொன்னேன். கட்டுப்போட்டால் பல்லால் பிரித்து, கட்டையும் விழுங்கியது. ஒரு நாள் காலை அது எழுந்தபோது இடது காலை ஊன்றவில்லை. மூன்று காலில் நொண்டிக்கொண்டு வாசற்படிக்கு வந்து படுத்தது. புண்ணிலிருந்து நாற்றம் வந்தது.

அன்றைக்கு மாமனாரிடம் நேராகப் போய் நின்றேன். அதற்குமுன் அவரிடம் நானாகப் பேசியதில்லை. "மாமா, யாராவது டாக்டர்கிட்ட காட்டணும். இல்லன்னா அவரு வரும்போது இது இருக்காது" என்றேன். அவர் மாமியாரைப் பார்த்தார். மாமியார் வீட்டுப் பீடத்திலிருந்த சாமி படத்தைப் பார்த்தார். மாமனார் கோட்டைப் போட்டுக்கொண்டு வெளியே போனார். மத்தியானம் திரும்பும்போது கூடவே ஒருத்தரைக் கூட்டி வந்தார். நகரசபையில் வண்டிக்குதிரைகளையும் அறுப்பு மாடுகளையும் பார்க்கிற டாக்டர். தகப்பன் வழியில் வெள்ளைக்காரர், தமிழ் எங்களைவிட நன்றாகப் பேசுவார். முசுடு. கூடத்தில் முழங்காலிட்டு நாய்க்காலைத் தூக்கி, மூக்கருகே வைத்து முகர்ந்தார்.

"நெய் வாசனை அடிக்குது. யாரு இதுக்கு நெய் தடவுறது?"

மாமியார் முந்தானையைத் தலைக்கு இழுத்துவிட்டுக்கொண்டார்.

"காயம் பட்டா நாய் நக்கத்தான் செய்யும்" என்றார் டாக்டர், என்னைப் பார்த்து. "அதுக்குக் கையா இருக்குது, தொடச்சிக்க? மண்ணு, அழுக்கெல்லாம் நாக்கால எடுத்துப்புடும். வலிக்குக் கொஞ்சம் எதமாவும் இருக்கும். மொத ரெண்டு நாளு அது நக்குனா பெரிய தப்பில்ல. அதுக்குமேல நாக்கு அரம் மாதிரி. தோலு மூட வர்றப்பல்லாம் ராவி எடுத்துடுது. எந்நேரமும் ஈரம். வாயில இருக்கிறதெல்லாம் புண்ணுக்குள்ள போவுது. எலும்பத் தொட்டுடுச்சின்னா அப்பறம் கால எடுக்கணும். இல்ல, நாயவே எடுத்துடணும்."

"இப்ப தொட்டுடுச்சிங்களா?" என்று கேட்டேன்.

"இன்னும் இல்ல. ஆனா பக்கத்துல இருக்குது."

பிறகு என்ன செய்ய வேண்டும் என்று சொன்னார். சுற்றியுள்ள மயிரைக் கத்தரிக்கவேண்டும். கொதிக்க வைத்து ஆற்றிய உப்புத் தண்ணீரில் காலையும் மாலையும் கழுவி, சுத்தமான துணியால் ஒற்றி, காற்றுப்பட விட வேண்டும். மஞ்சள், எண்ணெய், நெய், எதுவும் கூடாது. அவர் ஒரு களிம்பு அனுப்புவார், அதை மெல்லிசாக வைக்கவேண்டும். நக்கும்போது அடிக்கவோ அதட்டவோ கூடாது. அடித்தால் மறைவில் போய் நக்கும். வாய் காலை எட்டாதபடி கழுத்தைச் சுற்றி அகலமாக எதையாவது மாட்ட வேண்டும். எழுந்து போகும்போது, "முன்னல்லாம் இத யாரு வெளிய இட்டுனு போவாங்க?" என்று கேட்டார். சொன்னேன். "இப்ப?" என்றார். யாருமில்லை என்றேன். "வேற வேல இல்லன்னா அது நக்கினேதான் இருக்கும். நடக்க வையி, ஓட வையி. அதுக்கப்பறந்தான் களிம்பெல்லாம்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

கழுத்துக்கு முதலில் ஒரு மூங்கில் கூடையின் அடியை அறுத்து மாட்டினேன். நாய் அதைச் சுவரில் மோதி மோதி ஒரே காலையில் சுள்ளியாக்கிவிட்டது. அட்டையில் செய்தேன், தண்ணீர் குடிக்கும்போது ஊறிப் போனது. மாட்டினதும் பேய் பிடித்த மாதிரி சுற்றி, எதையாவது செய்து கழற்றிவிட்டு, விட்ட இடத்திலிருந்து நக்கும். அப்போதுதான் அவருடைய நெட்டித் தொப்பி நினைவுக்கு வந்தது. வெயிலுக்குப் போடுகிற, அகல விளிம்பு வைத்த வெள்ளைத் தொப்பி. சைகோனுக்குப் புதுசு வாங்கிக்கொண்டு, பழையதை அலமாரியில் வைத்துவிட்டுப் போயிருந்தார்.

அந்தத் தொப்பியைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். அதன் உள்ளே தோல்பட்டையில் அவருடைய தலையின் வாசனை இருந்தது. எண்ணெயும் வியர்வையும் கலந்த வாசனை. மத்தியானத்தில் வீடு அடங்கினபிறகு நான் அலமாரியைத் திறந்து, தொப்பியில் முகத்தை வைத்துக்கொள்வேன். அதிகம் திறந்தால் வாசனை போய்விடும் என்று சில நாள் திறக்காமல் வைராக்கியமாக இருப்பேன். போட்டோவில் அவர் விறைப்பாக யாரோ மாதிரி இருந்தார்; என்னைத் தொட்ட ஆள் அந்தத் தொப்பிக்குள்தான் இருந்தார். அதைத்தான் அன்றைக்கு ரொட்டி அறுக்கிற கத்தியால் உச்சியை வெட்டி, துவாரம் போட்டு, விளிம்பைச் சுற்றி அட்டை வைத்துத் தைத்தேன். கண்ணில் தண்ணீர் வந்து ஊசி தெரியவில்லை.

மாட்டினேன். நாய் ஒருமுறை தலையை உதறியது. பிறகு அப்படியே நின்றுவிட்டது. மூக்கை விரித்து, தலையைத் திருப்பித் திருப்பி முகர்ந்தது. வாசற்படிக்குப் போய்ப் படுத்து, முகத்தை அந்தத் தொப்பிக்குள் இழுத்துக்கொண்டு ஒரு பெருமூச்சு விட்டது. நக்கவில்லை. அதற்குப் பிறகு ஒருநாளும் அதைக் கழற்ற முயலவில்லை.

மாமியார் கோவிலிலிருந்து வந்து அதைப் பார்த்தார்.

"ஊருல இல்லாத ஆம்பளயோட தொப்பிய கத்தியால அறுத்தியாடி? ஒனக்கு நெஞ்சு எப்டி வந்துது?"

"அவரு நாய்க்குத்தான அத்த" என்றேன்.

"எம் புள்ளைக்கி எதுனா ஒண்ணுன்னா நீதான் பொறுப்பு" என்று சொல்லிவிட்டு உள்ளே போனவர், பல வாரம் என்னோடு பேசவில்லை. உப்பு வேண்டுமென்றாலும் சுவரைப் பார்த்துத்தான் கேட்பார். சுவர் எடுத்துக் கொடுக்காது, நான்தான் கொடுப்பேன்.

நடக்க வைப்பதற்கும் ஒரு வழி கண்டுபிடித்தேன். மாமியார் போகிற பூசைக்கு முந்தின பூசை ஒன்று விடியலில் உண்டு. அதற்குப் போகிறேன் என்று முக்காடு போட்டுக்கொண்டு நாயோடு கிளம்பிவிடுவேன். பூசையில் இருந்துவிட்டு, வீட்டுக்குத் திரும்பாமல் வாய்க்காலைத் தாண்டிக் கடற்கரைக்கு நடப்பேன். முதலில் நொண்டியது, தெருமுனை வரைக்கும் போய்த் திரும்புவோம். பிறகு கொஞ்சம் கொஞ்சமாகத் தூரம் கூடியது. தொப்பி போட்ட நாயும் முக்காடு போட்ட பெண்ணும் போவதைப் பார்த்து, சிவப்புத் தொப்பிப் போலீஸ்காரர் ஒருத்தர் நாய்க்கு விறைப்பாக ஒரு சலாம் வைப்பார். ரொட்டிக்கடைக்காரர், வெள்ளைக்காரத் துரையை விசாரிக்கிற மாதிரி, "முசே கெளம்பிட்டாரா?" என்று கேட்பார். நான் சிரிக்காமல் தலையைக் குனிந்துகொண்டு நடப்பேன். கடலோரத்தில் உட்கார்ந்தபின் சிரிப்பேன். கல்யாணமாகி அந்த ஊருக்கு வந்து, முதல் தடவையாகக் கடலைப் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தது அப்போதுதான். அவர் தினம் பார்த்த கடலை நான் பார்க்கிறேன் என்பது எனக்குப் பெரிய விஷயமாக இருந்தது. இந்தத் தண்ணீர்தான் அங்கேயும் போய் முட்டும் என்று நினைத்துக்கொள்வேன். நாய் என் பக்கத்தில் மணலில் உட்கார்ந்திருக்கும். இரண்டு பேரும் ஒரே பக்கம் பார்த்துக்கொண்டிருப்போம்.

புண் சுருங்க ஆரம்பித்தது. ஈரம் நின்றது, ஓரத்தில் புதுத் தோல் இளஞ்சிவப்பாக வந்தது. அந்தச் சமயத்தில் ஒரு மத்தியானம் கிணற்றடியிலிருந்து வந்தபோது, மாமியார் தரையில் உட்கார்ந்திருப்பதைப் பார்த்தேன். தொப்பியைக் கழற்றித் தன் மடியில் வைத்திருந்தார். நாய் ஆனந்தமாகக் காலை நக்கிக்கொண்டிருந்தது. எனக்கு வந்த ஆத்திரத்தில் குடத்தை அங்கேயே கீழே வைத்தேன். "எலும்பத் தொட்டா கொன்னுடணும்னு டாக்டரு சொன்னது காதுல வுழலியா அத்த?" என்று கேட்டேன். மருமகள் மாமியாரைக் கேட்கிற குரல் இல்லை அது.

அவர் திட்டவில்லை. தொப்பியின் தோல்பட்டையை விரலால் தடவிக்கொண்டே இருந்தார்.

"இது நக்குனா, அங்க எம் புள்ளைக்கி எதுனா சொகக்கேடு இருந்தாலும் ஆறிடும்னு ஒரு நெனப்புடி. அவன் கூடயே திரிஞ்சது இல்லியா. வேற இன்னா செய்வேன் நான், இங்க ஒக்காந்துகினு?"

அந்த வீட்டில் ஏங்குவது நானும் நாயும்தான் என்று அதுவரை நினைத்துக்கொண்டிருந்தேன். அவர் பக்கத்தில் உட்கார்ந்து, தொப்பியை வாங்கி நாய்க்கு மாட்டினேன். மகனுக்கும் நாய்க்கும் சேர்த்து வெள்ளியில் ஒரு கால் செய்து அந்தப் பீடத்தில் வைத்துவிடலாம், நக்குகிற வேலையைச் சாமியே பார்த்துக்கொள்ளட்டும் என்று நான்தான் சொன்னேன். மாமியாருக்கு அது பிடித்துவிட்டது. காணிக்கைக்குக் கை, கால், கண் என்று வெள்ளித் தகட்டில் செய்து விற்கிற ஆசாரியிடம் போனோம். ஆம்பிளைக் காலா, பொம்பிளைக் காலா என்று கேட்டார். "நாய்க் காலு" என்றார் மாமியார். ஆசாரி வெற்றிலையைத் துப்பிவிட்டு வந்து, மனுஷக் கால் மட்டும்தான் அச்சு இருக்கிறது என்றார். ஐந்து விரலோடு ஒரு மனுஷக் காலை வாங்கிக்கொண்டு போய்ச் சுரூபத்தின் கீழே தொங்கவிட்டோம். அன்றிலிருந்து உப்புத் தண்ணீரைக் கொதிக்க வைப்பது மாமியாரின் வேலையாயிற்று.

அந்தச் சாமியின் திருநாளுக்குள் தோல் மூடிவிட்டது. மயிர் மட்டும் அந்த இடத்தில் முளைக்கவில்லை. வழவழவென்று ஒரு தழும்பு. தொப்பியைக் கழற்றினேன். நாய் காலை ஒருமுறை முகர்ந்து பார்த்தது, அவ்வளவுதான். கயிற்றைக் கவ்விக்கொண்டு வந்து என் முன்னால் நின்றது.

அதற்கு அடுத்த வருஷம் அவர் லீவில் வந்தார். கொஞ்சம் பருத்து, நிறம் மங்கி, யோசித்து யோசித்துப் பேசுகிறவராக வந்தார். நாய் அவரைக் கண்டதும் போட்ட சத்தத்தில் தெருவே கூடியது. மேலே தாவி, விழுந்து, புரண்டு, முற்றத்தைச் சுற்றிச் சுற்றி ஓடியது. அவர் தரையில் உட்கார்ந்து அதைக் கட்டிக்கொண்டு அழுதார். நான் செய்வதாக இருந்த வேலையை முடித்துவிட்டேன் என்று எனக்குப் பெருமை தாங்கவில்லை. நாலு காலோடு, உயிரோடு ஒப்படைத்துவிட்டேன்.

மறுநாள் விடியலில் நாய் எழுந்தது. கட்டிலருகே வந்து, அவரைத் தாண்டி என் பக்கம் வந்து, என் கையை மூக்கால் முட்டியது.

"எங்க கெளம்பிட்டான்?" என்றார் அவர், அரைத் தூக்கத்தில்.

"கோவிலுக்கு. அப்பறம் கடலுக்கு. என்கூட வருவான்."

அவர் சிரித்தார். பிறகு எழுந்து உட்கார்ந்து, அதன் காலைப் பிடித்துத் தழும்பைத் தடவினார். என்னவென்று கேட்டார். எல்லாவற்றையும் சொன்னேன். தொப்பியைச் சொன்னபோது சிரித்தார், மற்றதற்குச் சிரிக்கவில்லை.

"இவ்ளோ ஏங்குனான்னு எனக்கு எழுதவே இல்லியே."

"எழுதியிருந்தா வந்திருப்பீங்களா?"

அவர் எழுந்து சட்டையைப் போட்டுக்கொண்டார். அன்றைக்கு மூன்று பேருமாகக் கடற்கரைக்குப் போனோம். நாய் நடுவில் நடந்தது. அவர் தட்டிக் கூப்பிட்டால் போகும். கொஞ்ச நேரத்தில் என் பக்கம் வந்துவிடும். அவர் முகம் சுருங்கியதை நான் பார்த்தேன்.

லீவு முடிந்தது. என்னைக் கூட்டிப்போவதாக அவரும் சொன்னார், நானும் நம்பினேன். அடுத்த லீவில் என்றார்கள். இந்தமுறை சென்னையில் கப்பல் ஏற வேண்டியிருந்ததால் ரயிலில் போனார். வீட்டு வாசலிலேயே விடை சொல்லிக்கொண்டார். அவர் போய்க் கொஞ்ச காலத்தில் சண்டை மூண்டு, கப்பல் நின்று, கடுதாசியும் நின்றது. தலை நரைத்துத்தான் அவர் திரும்பி வந்தார். அதெல்லாம் அன்றைக்கு எனக்குத் தெரியாது. ஆனாலும் வண்டி தெருமுனை திரும்பியபோது முதல் தடவையைவிட அதிகம் வலித்தது. முதல் தடவை போனது புதுசாகக் கல்யாணம் செய்துகொண்ட யாரோ ஒருத்தர். இந்தத் தடவை போனவரை எனக்குத் தெரியும்.

நாய் வாசலில் நின்று வண்டியைப் பார்த்தது. வாலை ஆட்டியது. வண்டி மறைந்ததும் உள்ளே வந்து, தண்ணீர் குடித்துவிட்டு, வழக்கமான இடத்தில் என் பாயருகே படுத்துக்கொண்டது.

நான் அதன் பக்கத்தில் உட்கார்ந்தேன். மாமியார் உள்ளே ஜெபமாலை சொல்லிக்கொண்டிருந்தார். அடுப்புப் பற்றவைக்கிற வேளை வந்தும் நான் எழவில்லை. நாயின் இடது முன்னங்காலையே பார்த்துக்கொண்டிருந்தேன். அது நக்கவில்லை. பழைய சாயங்கால வேளை வந்தது, போனது. எழுந்து நின்று தெருவைப் பார்க்கவும் இல்லை. நிம்மதியாகக் கண்ணை மூடிக்கொண்டிருந்தது. எனக்குக் கோபம் வந்தது. அந்தக் காலை எடுத்துத் தழும்பைத் தேய்த்தேன். பிறகு அதன் வாய்க்கருகே கொண்டுபோனேன். "நக்கேன்" என்றேன். "ஒரே ஒரு தரம் நக்கு."

நாய் கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தது. என் விரலை நக்கியது. தலையை என் மடியில் வைத்துக்கொண்டு தூங்கிவிட்டது. அதை எழுப்பிவிடக் கூடாதென்று அசையாமல் உட்கார்ந்து அழுதேன். என்னோடு சேர்ந்து அந்தத் தெருமுனையைப் பார்க்க இனி அது வராது.